கீழ்க்கண்டவற்றுள் வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

எல்லா மருத்துவர்களும் மீன்கள். மீன்கள் எவையும் நீந்துவதில்லை. ஆகவே எந்த மருத்துவரும் நீந்துவதில்லை. இந்த முடிவு சரியா, தவறா, சொல்ல இயலாதா? சரி என்ற வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கிவிட்டு ரேணுகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு வட்டத்தை நிரப்ப அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பயிற்சி மையத்தில் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு கேள்வியைப் பார்த்து, மருத்துவர் எப்படி மீனாக முடியும், அச்சுப்பிழையாக இருக்கும் என்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுக்கப் போய், அந்தப் பிளஸ் டூ வாண்டு சத்தம் போட்டுச் சிரித்து, எட்வின் சார் பலகையிலிருந்து திரும்பிவிட்டார். "ரேணுகா, கேள்வியில டாக்டரெல்லாம் மீனுன்னு சொன்னா மீனுதான். செவுள் இருக்கா, செதில் இருக்கான்னு நீ போய்ப் பாக்கக் கூடாது. கொடுத்தது மட்டும்தான் உலகம். உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்போட சேத்து வாசல்ல விட்டுட்டு வா." வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பி.காம் முடித்து, ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சட்டம் படிக்கிறேன் பேர்வழி என்று இருபத்து நாலு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தால் இதற்கெல்லாம் சிரித்துத்தான் ஆக வேண்டும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. செருப்பைக் கழற்றலாம், சிவநேசனை எங்கே கழற்றுவது? அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆங்கிலத் தாளில் அவன் வருவதில்லை, கணக்கில் வருவதில்லை, பொது அறிவில் தலைகாட்டுவதில்லை. தர்க்கப் பகுதியைத் திறந்தால் மட்டும் தவறாமல் ஆஜராகிவிடுகிறான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாதிரித் தேர்வு. தில்லை நகரில் மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது மையம். புது மெத்தைகளின் பிளாஸ்டிக் நெடி படியேறி வந்து மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்தில் எவனோ மைக்கைத் தட்டி ஹலோ, ஹலோ என்றான். பதில் வராதா என்று காத்திருக்கிறவன் மாதிரி கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் ஹலோ என்றான். ரேணுகா தாளுக்குத் திரும்பினாள். வட்ட மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள், ஐந்து பேர், ஒரு நாற்காலி காலி. காலி நாற்காலியை முதலில் உட்கார வையுங்கள் என்பார் எட்வின் சார், காலி இடமும் ஒரு ஆள்தான், அதற்கு ஒரு இடம் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தானாகப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வகைக் கேள்வியில் மட்டும் அவள் ஒரு மதிப்பெண்ணைக் கூட விட்டதில்லை. காலி நாற்காலியை உட்கார வைப்பதில் அவள் வீட்டாருக்கு நல்ல அனுபவம். வட்டம் போட்டாள், காலி இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள், ஐந்து பேரும் நல்ல பிள்ளைகளாக வந்து அமர்ந்தார்கள். அடுத்தது திசை. ஒருவன் வீட்டிலிருந்து கிளம்பி வடக்கே நடக்கிறான், வலப்புறம் திரும்பிக் கொஞ்சம் நடக்கிறான், மறுபடி வலப்புறம் திரும்பி நிற்கிறான். இப்போது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறான்? தெற்கு. அதாவது வீடு இருக்கிற பக்கம் பார்த்துத்தான் நிற்கிறான். நிற்கிறானே, அப்புறம் ஏன் வரவில்லை? கேள்வியில் அது இல்லை. கேள்வியில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தெற்கைக் கறுப்பாக்கினாள்.

வடக்கேதான் அவனும் போனான். உறையூரில் அவர்கள் தெருவுக்கு வடக்கு முனையில்தான் அந்தோணியின் இஸ்திரி வண்டி நிற்கும். இஸ்திரிக்குக் கொடுத்த சட்டைகளை வாங்கிவருகிறேன் என்று சனிக்கிழமை காலையில் கிளம்பினான். பைப் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி, இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம், யாரோடும் சண்டை கிடையாது, குடி கிடையாது. போனை சார்ஜில் போட்டுவிட்டு, அது நிறைவதற்குள் வந்துவிடுவேன் என்பவன் போலத்தான் போனான். அந்தோணி போலீசிடமும், அப்புறம் கேட்டவர் எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடினார்: "அஞ்சு சட்டை இருந்துச்சு. நீலச் சட்டையை மட்டும் எடுத்துக்கிட்டாரு. மிச்சத்த அப்பறமா வாங்கிக்கறேன்னுட்டு மெயின் ரோட்டுப் பக்கம் போனாரு." அந்த ஒரு சட்டை ரேணுகாவின் மண்டைக்குள் ஏழு வருஷமாக மாட்டியிருக்கிறது. ஓடிப்போக நினைக்கிறவன் ஐந்தையும் எடுத்துக்கொண்டிருப்பான். பெட்டிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்ப நினைக்கிறவன் ஒன்றையும் எடுத்திருக்க மாட்டான், வரும்போது மொத்தமாக வாங்கியிருப்பான். ஒன்றே ஒன்றை எடுத்தவன் என்ன நினைத்தான்? போலீஸ்காரர் ஒரு அர்த்தம் சொன்னார், அண்ணியின் அப்பா ஒரு அர்த்தம் சொன்னார், அம்மா ஒரு நாளைக்கு ஒரு அர்த்தம் சொன்னாள். கொடுத்த தகவல் போதாது என்று ஒரு விடை உண்டு என்பது எட்வின் சாரிடம் வந்த பிறகுதான் ரேணுகாவுக்குத் தெரிந்தது. அது தெரிந்த அன்றைக்கு வகுப்பிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்து, கண்ணில் தூசு என்று சொல்லி எழுந்து போனாள். தகவல் போதாது என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்கு நம்பவே முடியாததாக இருந்தது.

ஹலோ, ஹலோ. அந்த மைக் ஆசாமிக்கு வேறு வேலையில்லை. ஒரு புகைப்படத்தைக் காட்டி ஒருத்தி சொன்னாள், இவர் என் அம்மாவின் ஒரே மகன் என்று. அப்படியானால் இவருடைய மனைவி அவளுக்கு என்ன உறவு? இதற்குப் பேனாவை எடுக்கக்கூட வேண்டாம், சாருமதி அண்ணி. ரேணுகா பத்தாவது படிக்கும்போது வீட்டுக்கு வந்தவள். அவன் போன பிறகு அவள் அப்பா வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டும் போகவில்லை. ரேணு காலேஜ் முடிக்கட்டும் என்றாள். ரேணு காலேஜ் முடித்து, வேலைக்கும் போய், அதையும் விட்டாயிற்று, அண்ணி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தனியார் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. வலிக்காமல் குத்துவாள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அதே லேபில் கணக்குப் பார்க்கிறவர் முரளிதரன். நாற்பது நெருங்குகிறது, தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததில் தன்னுடையது தள்ளிப் போய்விட்டது. ஒருமுறை அண்ணியை வண்டியில் கொண்டுவந்து விட்டவரை அம்மா உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, தம்பிக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டாள். அவர் காபியையும் குடிக்க முடியாமல், டம்ளரையும் வைக்க முடியாமல் நெளிந்ததைப் பார்த்துத்தான் ரேணுகாவுக்கு விஷயம் புரிந்தது. அவருக்குக் கோயம்புத்தூர் மாற்றலாகிவிட்டது. தை பிறந்ததும் பதிவுத் திருமணம் என்று அவர் வீட்டில் பேச்சு. அண்ணிக்கு முப்பத்து மூன்று முடியப் போகிறது. எனக்கு ஒரு குழந்தை வேணும் ரேணு என்று ஒரே ஒருமுறை, பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். தை மாதத்துக்கு அப்புறம் அந்தப் புகைப்படத்துக்காரரின் மனைவி அவளுக்கு என்ன உறவாவாள்? நாலு விடைகளில் எதிலும் அது இல்லை.

அதற்கு முதலில் அண்ணன் சாக வேண்டும். இப்படித் தன் மனம் வெடுக்கென்று சொல்லிவிட்டதில் ரேணுகா திடுக்கிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் குனிந்து வட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அதில் திடுக்கிட ஒன்றுமில்லை, வக்கீல் ஹேமலதா இன்னும் பச்சையாகவே சொன்னார். ஒருவனைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் அவன் இறந்துவிட்டான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, உயிரோடுதான் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். வழக்குப் போட்டாயிற்று, புதன்கிழமை சாட்சி. "பெருசா ஒண்ணும் இருக்காதும்மா. ஏழு வருஷத்துல அவரப் பத்தி ஏதாவது தகவல் உண்டான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லணும். மனைவி சொல்றது மட்டும் பத்தாது, ரத்த சொந்தம் ஒருத்தர் கூண்டுல ஏறிச் சொன்னா நல்லது." அப்பா இல்லாத வீட்டில் ரத்த சொந்தம் என்றால் அம்மா. அம்மா முடியாது என்றுவிட்டாள். சத்தம் போடவில்லை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க பக்கத்துல பன்னெண்டு வருஷம். பன்னெண்டு முடிஞ்சும் வரலைன்னா தர்ப்பையில ஒரு உருவம் செஞ்சு, அதுக்குக் கொள்ளி வச்சுக் காரியம் பண்ணுவோம். அதுவரைக்கும் என் புள்ள இருக்கான். நீங்க கோர்ட்டுல போய் என்ன வேணா எழுதிக்கிங்க, நான் வந்து சொல்ல மாட்டேன்." கோர்ட்டுக்கு ஏழு, அம்மாவுக்குப் பன்னிரண்டு. நடுவில் இருக்கிற ஐந்து வருஷமும் அவன் கோர்ட்டில் செத்தும் வீட்டில் உயிரோடும் இருப்பான். இரண்டு கூற்றுகளும் உண்மை என்று கொள்க. கொள்ளலாம், ஆனால் அதை யார் சுமப்பது? ரத்த சொந்தத்தில் மிச்சம் இருக்கிறவள் ரேணுகா ஒருத்திதான். ஹேமலதாவின் ஆபீசில் காத்திருந்தபோதுதான் அந்தச் சட்டப் பிரிவை வாங்கிப் படித்தாள். அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே யாரோ உட்கார்ந்து, இப்படியும் ஒருவன் காணாமல் போவான், அவனுக்கு ஒரு தங்கை இருப்பாள், அவள் தவிப்பாள் என்றெல்லாம் யோசித்து நாலு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வியப்பில்தான் ஆடிட்டர் வேலையை விட்டாள். இதைப் படித்தே தீருவது என்று இங்கே வந்து, மீன்களிடமும் மருத்துவர்களிடமும் மாட்டிக்கொண்டாள்.

இருபத்தோராம் கேள்வியில் நின்றுபோனாள். உயிரோடு இருந்தால் தகவல் தருவான். தகவல் தரவில்லை. ஆகவே உயிரோடு இல்லை. தாளில் இருந்தது இது இல்லை. தாளில் இருந்தது மழையும் மொட்டை மாடியும். மழை பெய்திருந்தால் மாடி நனைந்திருக்கும், மாடி நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இது செல்லும். பக்கத்திலேயே அதன் கள்ள இரட்டை. மழை பெய்திருந்தால் மாடி நனைந்திருக்கும், மாடி நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இது செல்லாது, யாராவது குடம் தண்ணீர் கொட்டியிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த நாலு மாதத்தில் படித்துவிட்டாள். அதுதான் வினை. உயிரோடு இருந்தால் தகவல் தருவான், தரவில்லை, எனவே இல்லை. செல்லும். செத்திருந்தால் தகவல் வராது, தகவல் வரவில்லை, எனவே செத்துவிட்டான். செல்லாது. முடிவு இரண்டிலும் ஒன்றே, ஒன்று சரி, மற்றது தப்பு. புதன்கிழமை கூண்டில் ஏறி இல்லை என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்லப் போகிறாள்? தகவல் வரவில்லை, தகவல் வரவில்லை. ரேணுகா பேனாவின் மூடியைப் பல்லால் கடித்தாள். வந்ததே. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அவள் போன் டிவிக்குப் பக்கத்தில் கிடந்து அடித்தது. தெரியாத எண். ஹலோ என்றாள், பதில் இல்லை. மறுபடி ஹலோ. வெறும் மௌனம் இல்லை அது, எங்கேயோ திறந்த இடம், பஸ் ஹாரன், எதையோ கூவி விற்கிற குரல். அப்புறம் தொண்டைக் கனைப்பு, சின்னதாக இரண்டு தரம். அவன் அப்படித்தான், முக்கியமாக ஏதாவது சொல்லப்போகிறான் என்றால் இரண்டு தரம் கனைப்பான். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொன்னபோதும் கனைத்துவிட்டுத்தான் சொன்னான். அண்ணா என்றாள். யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது, அல்லது கேட்டதாக இந்த மூன்று வருஷத்தில் அவள் செய்துகொண்டாள். போன் வைக்கப்பட்டது. திரும்ப அதே எண்ணைக் கூப்பிட்டால் ஒரு கடைக்காரன் தெலுங்கில் பொரிந்து தள்ளினான். எவரோ, எவரோ என்று இரண்டு முறை சொன்னது மட்டும் புரிந்தது. யாரோ. சளி பிடித்தவன் எவனும் இரண்டு தரம் கனைப்பான். அண்ணி லேபில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பின்கட்டில் வெள்ளைக் கோட்டை அலசிக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை மூக்காலே முனகிக்கொண்டிருந்தாள், நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ரேணுகா போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். அம்மாவிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதும் ஒரு ஆள் மாதிரி அன்றிலிருந்து அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்பது இப்போது அவளுக்குக் கணக்காகவே தெரியும். ஏழு வருஷம் அந்தப் போனிலிருந்து மறுபடி தொடங்கும். இன்னும் நாலு வருஷம். முரளிதரன் காத்திருந்தாலும் அண்ணியின் உடம்பு காத்திருக்க வேண்டுமே. சொல்லாவிட்டால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தையே படிக்கப் போகிறவள், முதல் காரியமாக அதன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அவன் இறந்தான் என்று தன் வாயால் சொல்லிவிட்டு, மறுநாள் அவன் வாசலில் வந்து நின்றால்? ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். போன் அடிக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் கனைப்பு வருகிறதா என்று காது போய் நிற்கிறது, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் போன் அடித்தால்கூட. எட்வின் சார் நடந்து வந்து அவள் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். போன தேர்வில் அவள் தாளில் சிவப்பு மையில், உன் கதையைச் சேர்க்காதே என்று எழுதியிருந்தார். அது இந்த முதலைக் கேள்விக்குத்தான். இன்றைக்கும் அது வந்திருந்தது, கேள்வி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு ஏரியில் பத்து வருஷமாக யாரும் முதலையைப் பார்க்கவில்லை, ஆகவே அந்த ஏரியில் முதலை இல்லை. கீழ்க்கண்டவற்றுள் இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது? அ, பத்து வருஷமாக அந்த ஏரிக்கு யாருமே போகவில்லை. ஆ, பக்கத்து ஏரியில் முதலைகள் உண்டு. இ, முதலைகள் நெடுநாள் வாழும். ஈ, தண்ணீரில் ஏதோ அசைந்ததாகப் போன வருஷம் ஒரு மீனவர் சொன்னார். போன தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஈ என்று போட்டாள். "ஏதோ அசைஞ்சுதுங்கறது ஆதாரமே இல்லை. ஆமையா இருக்கலாம், கட்டையா இருக்கலாம். யாருமே போய்ப் பாக்கலைன்னு வச்சுக்க, பாக்கலைங்கற வாதமே காலி. அதுதான் விடை" என்றார் எட்வின் சார். சரி, ஏதோ அசைந்தது ஆதாரம் இல்லை. கனைப்பு ஆதாரம் இல்லை. அப்படியானால் புதன்கிழமை இல்லை என்று சொன்னால் பொய்யே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பேனா அ-வுக்குப் போய், வட்டத்தின் மேல் நின்று, இறங்க மறுத்தது. யாருமே போகவில்லை. அந்தக் கடை எந்த ஊர் என்று விசாரித்து அவள் போனாளா? ஒரு பஸ் ஏறிப் போய் ஒருநாள் நின்று பார்த்தாளா? எண் கையில் இருந்தது, கால் இருந்தது, கல்லூரியில் விடுமுறையும் இருந்தது. போய்ப் பார்க்காமலே மூன்று வருஷமாக, கேட்டது அவன்தானா என்று மட்டும் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். போனால் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் போகவில்லை. இருக்கிறான் என்று தெரிந்தாலும் பயம், இல்லை என்று தெரிந்தாலும் பயம். அ-வைக் கறுப்பாக்கினாள். சரியான விடைதான். அழுத்தியதில் மை வட்டத்துக்கு வெளியே வழிந்துவிட்டது. அதற்கப்புறம் இருந்த கேள்விகளை அவள் படித்தாளா என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

கீழே மெத்தைக் கடை ஓரத்தில் சாருமதி ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லேப் மத்தியானத்தோடு மூடிவிடும், வரும் வழியில் அவளை ஏற்றிக்கொண்டு போவாள். "எப்படி எழுதுன?" என்றாள். ரேணுகா பின்னால் ஏறிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் தலை தகதகவென்று கொதித்தது. அண்ணியின் முதுகு கண்ணுக்கு நேரே இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, முதுகிடம் சொல்லிவிடலாம். தென்னூர் பாலத்துக்கு முன்னால் வண்டி மெதுவானபோது சொல்லிவிட்டாள். "அண்ணி, மூணு வருஷம் முன்னாடி அம்மா போனுக்கு ஒரு கால் வந்துச்சு. யாரும் பேசலை. கனைச்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு. அண்ணன் மாதிரி இருந்துச்சு." வண்டி கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போயிற்று. கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொல்ல வேண்டுமே என்று அவள் பயந்தாள். சாருமதி, பூட்டியிருந்த ஒரு பேட்டரிக் கடைக்கு முன்னால் ஓரம்கட்டி வண்டியை நிறுத்தினாள், ஸ்டாண்ட் போடவில்லை, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "நீ அண்ணான்னு கூப்புட்டது பின்கட்டுக்குக் கேட்டுச்சு. பைப்ப மூடிட்டு நின்னேன். நீ போனை வச்சிட்டு மாடிக்குப் போனதும் நம்பரை எடுத்துக்கிட்டேன். தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தர விட்டு எந்த ஊருன்னு கேட்டேன்." சாருமதி சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த மாசம் லேப்ல ட்ரெய்னிங்னு சொல்லிட்டு ரெண்டு நாள் போனேனே, சென்னைக்கு இல்லை. நெல்லூருக்கு. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஜூஸ் கடை. கல்யாண போட்டோவக் காட்டினேன். இவரா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், தினம் ஆயிரம் பேரு வராங்கன்னான். ரெண்டு நாள் அந்தக் கடைக்கு எதிர்லயே உக்காந்திருந்தேன் ரேணு. போற வர்ற ஆம்பளைங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு. என்னப் பத்தி என்ன நெனச்சாங்களோ. வரலை. வந்துட்டேன்."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லலை. சரி, என்னைப் போக விடுறா, அதான் சொல்லலைன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் முரளிகிட்டயே பேச ஆரம்பிச்சேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "இருக்காருன்னே வச்சுக்குவோம். இருந்து, போன் போட்டு, தங்கச்சி குரலக் கேட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம வச்சாருன்னா, அப்ப எனக்கு அவர் என்ன ரேணு? புதன்கிழமை உனக்கு என்ன தோணுதோ சொல்லு. பொய் சொல்லுன்னு உன்னைக் கேக்க மாட்டேன். தகவல் உண்டுன்னு நீ சொன்னாலும் நான் உன்கூடத்தான் வீட்டுக்கு வருவேன்."

அவள் சொல்லவில்லை, அதனால் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணி சொல்லவில்லை, அதனால் அண்ணிக்கு ஒன்றும் தெரியாது என்று ரேணுகா ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே வீட்டில், ஒரே குக்கரில் சோறு தின்றுகொண்டு, ஒருத்தி பேசாததை வைத்து இன்னொருத்தி மூன்று வருஷம் வாழ்க்கை நடத்தியிருக்கிறாள். ரேணுகாவுக்குக் கோபம் வரும் என்று தோன்றியது, வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கல்யாணப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணிதான் கண்ணுக்குள் வந்தாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அவள் இன்றைக்குத்தான் கறுப்பாக்கிவிட்டு வந்தாள். போய்ப் பார்த்தவள் இதோ, முன்னால், வண்டி சாயாமல் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். "இல்லைன்னு சொல்றேன் அண்ணி" என்றாள் ரேணுகா. "தகவல் இல்லைன்னு சொல்றேன்."

அண்ணி நிம்மதியாக மூச்சு விடுவாள் என்றுதான் நினைத்தாள். சாருமதி அப்படியே ஹேண்டில்பாரில் குனிந்து, ஹெல்மெட்டோடு, அழ ஆரம்பித்தாள். விசும்பல் இல்லை, வாய்விட்டு, சாவு வீட்டில் அழுகிற அழுகை. ஏழு வருஷத்தில் அண்ணி அழுது அவள் பார்த்ததில்லை. கணவன் செத்ததற்கு ஒருத்தி அழ வேண்டிய அழுகையை அவள் இவ்வளவு நாள் எங்கேயோ தள்ளி வைத்திருந்திருக்கிறாள், ரேணுகா சொன்ன ஒரு வார்த்தைக்காக அது காத்திருந்திருக்கிறது. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் வண்டியை நிறுத்தி என்னம்மா என்றார், ரேணுகா ஒன்றுமில்லை என்று கையாட்டினாள். வண்டியிலிருந்து இறங்கி, அண்ணியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தனக்கும் அழுகை வர வேண்டும், வரவில்லையே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாருமதி துப்பட்டாவை ஹெல்மெட்டுக்குள் விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கணும், ஏறு" என்றாள். வண்டி பாலத்தில் ஏறியது. கோர்ட்டில் சொல்லும்வரைக்கும் சொன்னதாகாது. புதன்கிழமை வரைக்கும் அவன் உயிரோடுதான் இருக்கிறான். ரேணுகா ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டே போனாள்.